கரியமில வாயுக் குழாயும் காவிரி டெல்டாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிவாயுக் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் பில் போடும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். எத்தனை மீட்டர் தோண்டினார்கள், எத்தனை வெல்டிங் விழுந்தது, யார் வயலுக்கு எவ்வளவு பயிர் இழப்பீடு என்று எழுதுவதுதான் என் வேலை. இப்போது திருவாரூர் பக்கம் ஒரு வேலிக்கு, அதாவது சுமார் ஆறரை ஏக்கருக்கு, கொஞ்சம் குறைவான நிலத்தில் நெல் போடுகிறேன். "புகையைப் பிடித்துக் குழாயில் அனுப்பி எண்ணெய் எடுக்கப் போகிறார்களாம், ஊருக்குக் காசு கொட்டுமாம்" என்ற பேச்சு உழவர் கூட்டத்திலும் கல்யாணப் பந்தியிலும் அடிபடுகிறது. எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். இது எந்த ஒரு திட்டத்தையும் பற்றியதல்ல. இப்படிப்பட்ட குழாயின் வரவுசெலவு எப்படி இருக்கும் என்பதைப் பற்றியது.

"புகையை ஊதினா எண்ணெய் வருமா? அது எப்படி?"

எண்ணெய் பூமிக்கு அடியில் குளம் மாதிரி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. கிணறு போட்ட புதிதில் பூமியின் அழுத்தமே ஒரு பகுதியை மேலே தள்ளும். அது தணிந்ததும் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அதற்குப் பிறகும் பாதிக்கு மேல் பாறையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிசுக்குப் பிடித்த வாணலியை வெறும் தண்ணீரில் கழுவுவது மாதிரிதான்.

நல்ல அழுத்தத்தில் கரியமில வாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, உள்ளே விட்டால் அது எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் உப்புகிறது, இளகுகிறது, பாறையை விட்டு நகர்கிறது. இப்படிக் கூடுதலாகக் கிடைப்பது, எண்ணெய் வயலில் ஆதியில் இருந்த எண்ணெயில் பொதுவாக 5 முதல் 15 சதவீதம். எண்ணெயோடு திரும்பி வரும் வாயுவைப் பிரித்து மறுபடியும் உள்ளே விடுவார்கள். ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் அடியிலேயே தங்கிவிடும்.

"எங்கேயாவது நடந்திருக்கா, இல்ல வெறும் காகிதத்துல தானா?"

நடந்திருக்கிறது, ஐம்பது வருடத்துக்கு மேலாக. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1972-லேயே தொடங்கிவிட்டார்கள். 1984-இல் வந்த கோர்டெஸ் குழாய் கொலராடோவிலிருந்து டெக்சாஸுக்குச் சுமார் 800 கி.மீ. ஓடுகிறது. அந்த நாட்டில் கரியமில வாயுவுக்கென்றே 8,000 கி.மீ. அளவுக்குக் குழாய் இருக்கிறது. கனடாவின் வேபர்ன் வயலுக்கு 2000-லிருந்து அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள ஒரு நிலக்கரி எரிவாயு ஆலையிலிருந்து வாயு போகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் குழாய்களில் ஓடும் வாயுவில் பெரும்பகுதி ஆலைப் புகை இல்லை. பூமிக்கடியில் இயற்கையாகவே சுத்தமான கரியமில வாயு தேங்கிய இடங்கள் அங்கே உண்டு. கிணறு போட்டால் வாயு வரும், காயவைத்து அழுத்திக் குழாயில் விட்டால் போதும். கோர்டெஸ் குழாயும் அப்படி ஒரு தேக்கத்தில்தான் தொடங்குகிறது. அங்கே லாபம் வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

"குழாய் எதுக்கு? டேங்கர் லாரியில கொண்டாந்தா ஆகாதா?"

ஒரு டேங்கரில் 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,000 டன் வேண்டுமென்றால் 50 லாரி வந்து போக வேண்டும். கும்பகோணம், மன்னார்குடிச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சோதனைக்கு லாரி போதும், தொழிலுக்குக் குழாய்தான்.

31 டிகிரி வெப்பத்துக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்கு அழுத்தத்துக்கும் மேல் போனால், கரியமில வாயு திரவம் போலக் கனமாகவும் வாயு போல இளக்கமாகவும் ஒரு நிலைக்கு வந்துவிடும். குழாயில் 80 முதல் 150 மடங்கு அழுத்தம் வைத்து, அடர்த்தி குறையாமல் அனுப்புவார்கள். அப்போதுதான் சின்னக் குழாயிலும் நிறைய போகும்.

பணக் கணக்கில் இதன் சாரம் ஒன்றுதான். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே போகும் சரக்கு நான்கு மடங்குக்கும் மேல் கூடும். தோண்டும் கூலி, நிலத்துக்குக் கொடுப்பது, ஆற்றைக் கடக்கும் செலவு எல்லாம் அந்த வேகத்தில் ஏறாது. அதனால் பெரிய குழாய் நிறைய ஓடினால் டன்னுக்குச் செலவு குறைவு. சின்னக் குழாய் கொஞ்சமாக ஓடினால் டன்னுக்குச் செலவு கூடுதல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

"நம்ம பக்கம் அந்த வாயு எங்கேர்ந்து வரும்?"

முதலில் எல்லோரும் கை காட்டுவது நெய்வேலியை. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. அடுத்தது அரியலூர் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வரும், எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. மூன்றாவது, நாகப்பட்டினம் பனங்குடியில் பழைய சுத்திகரிப்பு ஆலை இருந்த இடத்தில், ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனோடு திட்டமிடப்பட்ட சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம் நிறுவனம்) ஆலை.

மூன்றிலும் வாயு ஒரே விலைக்குக் கிடைக்காது. அனல் மின்நிலையப் புகையில் கரியமில வாயு 12, 14 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். அதைப் பிரிக்க ரசாயனக் கரைசல், நீராவி, மின்சாரம் எல்லாம் வேண்டும். சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் தயாரிக்கும் பிரிவிலோ, உர ஆலையிலோ வாயு செறிவாக வரும், அங்கே மலிவு. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், செறிவான இடத்தில் பிடிக்க டன்னுக்கு 15 முதல் 25 டாலர், மின்நிலையம், சிமெண்ட் என்றால் 40 முதல் 120 டாலர். பிடிக்க முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை 2016-லிருந்து தன் கொதிகலன் புகையிலிருந்தே வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துகிறது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு அது.

தூரத்தையும் பாருங்கள். நெய்வேலியிலிருந்து, நாகப்பட்டினம் பக்கத்தில் எண்ணெய் வயல் இருக்கும் நரிமணம் நேர்கோட்டில் 80 கி.மீ.க்குக் குறையாது. நடுவில் வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வீரசோழனாறு, அரசலாறு. வாய்க்கால்களை எண்ண ஆரம்பித்தால் ஒரு நோட்டு தீர்ந்துவிடும்.

"சரி, ஒரு பீப்பாய்க்கு என்ன மிஞ்சும்? அதைச் சொல்லுங்க."

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பழக்கதோஷம், ஒரு பில் மாதிரியே போட்டுக் காட்டுகிறேன். கீழே உள்ளவற்றில் சில நான் உதாரணத்துக்கு வைத்த எண்கள், உங்கள் எண்ணைப் போட்டும் பார்க்கலாம்.

எண்ணெய் விலை பீப்பாய்க்கு 70 டாலர் என்று வையுங்கள். ஒரு பீப்பாய் கூடுதல் எண்ணெய்க்குப் புதிதாக வாங்க வேண்டிய வாயு 0.3 முதல் 0.5 டன், நடுவாக 0.4 டன். மலிவான மூலத்திலிருந்து குழாய்ச் செலவும் சேர்த்து டன் 30 டாலருக்கு வந்தால், பீப்பாய்க்கு வாயுச் செலவு 12 டாலர். கிணற்றுப் பராமரிப்பு, திரும்பிவரும் வாயுவைப் பிரித்து மறுபடி அழுத்தும் கம்ப்ரசர், மின்சாரம் எல்லாம் 25 டாலர். மத்திய அரசின் செஸ் என்ற கூடுதல் வரி 20 சதவீதம், அதாவது 14 டாலர். இப்படி மேம்பட்ட முறையில் எடுக்கும் கூடுதல் எண்ணெய்க்கு 2018-இல் வந்த கொள்கைப்படி செஸ்ஸில் பாதி தள்ளுபடி கிடைத்தால் 7 டாலர். ராயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெய்க்கு அரசுக்குக் கொடுக்கும் பங்கு, 12.5 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 9 டாலர். எல்லாம் போகக் கையில் 17 டாலர் நிற்கிறது. நல்ல தொழில்தான்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். வாயு அனல் மின்நிலையத்திலிருந்து வருகிறது, டன் 75 டாலர். பீப்பாய்க்கு வாயுச் செலவு 12-லிருந்து 30 ஆகிவிடும். கையில் நின்ற 17 போய், ஒரு டாலர் கைநட்டம். எண்ணெய் 50 டாலருக்கு இறங்கினால் மலிவு வாயு வைத்தும் இழுபறிதான். ஆக லாபமும் நட்டமும் எண்ணெய் விலையில் மட்டும் இல்லை, வாயுவின் விலையிலும் இருக்கிறது. டெக்சாஸில் வாயு விற்பவரும் வாங்குபவரும் பல ஒப்பந்தங்களில் வாயு விலையை எண்ணெய் விலையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். எண்ணெய் இறங்கினால் வாயுவும் இறங்கும். நம்மூரில் வட்டிக்குப் பணம் கொடுத்தவர் நெல் விலை இறங்கினால் வட்டியைக் குறைப்பாரா? குறைத்தால் எப்படி இருக்குமோ, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு அது.

"டெக்சாஸ்ல கொழிக்குதுன்னா நமக்கு மட்டும் ஏன் ஆகாது?"

மேலே சொன்ன குழாய் விட்டக் கணக்கு இங்கேதான் வருகிறது. நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், கோயில்களப்பால், குத்தாலம் என்று நம் வயல்கள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன. இங்கே கூடுதலாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் எண்ணெய் எடுத்தாலே அது பெரிய சாதனை. ஒரு லட்சம் டன் என்பது சுமார் 7.3 லட்சம் பீப்பாய். அதற்கு வேண்டிய வாயு ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்குள் அடங்கிவிடும். கோர்டெஸ் குழாயின் திறன் ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்குப் பக்கம். அவர்களுக்கு 800 கி.மீ. கட்டுப்படியாகும், நமக்கு 100 கி.மீ. உதைக்கும்.

அங்கேயும் எல்லாம் கொழிக்கவில்லை. ஹூஸ்டன் பக்கம் பெட்ரா நோவா என்ற திட்டம் 2017-இல் தொடங்கியது. நிலக்கரி மின்நிலையப் புகையைப் பிடித்து 130 கி.மீ. குழாயில் அனுப்பினார்கள். 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்திவிட்டு 2023-இல்தான் மறுபடி ஓட்டினார்கள். புகை பிடிக்கும் இயந்திரத்தில் கோளாறு வந்ததைவிட எண்ணெய் விலையில் வந்த கோளாறுதான் அதை உட்கார வைத்தது.

இந்தியாவில் இது பொருந்தும் இடம் குஜராத் என்பது என் கருத்து. கொயாலி சுத்திகரிப்பு ஆலையின் வாயுவைக் காந்தார் வயலுக்குக் கொண்டுபோக 2019-இல் இந்தியன் ஆயிலும் ஓ.என்.ஜி.சி.யும் ஒப்பந்தம் போட்டன. பெரிய வயல், பக்கத்திலேயே செறிவான வாயு. நம் டெல்டாவில் பனங்குடி ஆலை எழுந்து, நரிமணத்துக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குட்டிக் குழாய் என்றால் கணக்கு கொஞ்சம் இறங்கி வரலாம். நெய்வேலியிலிருந்து என்றால் நான் பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன்.

"அரசாங்கத்துக்கு வர்ற காசுல நம்ம ஊராட்சிக்கு ஏதாவது வருமா?"

நிலத்தில் எடுக்கும் எண்ணெயின் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு. செஸ் முழுக்க மத்திய அரசுக்கு. ஊராட்சிக்கு என்று தனிப் பங்கு எதுவும் இல்லை.

நெய்வேலியில் நிலக்கரி, அரியலூரில் சுண்ணாம்புக்கல் என்று எடுக்கும் இடங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அதிலிருந்து செலவழிப்பார்கள். எண்ணெய் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஒரே வாயு நெய்வேலியில் கிளம்பி நரிமணத்தில் இறங்குகிறது என்றால், கிளம்புகிற ஊருக்கு அறக்கட்டளை உண்டு, இறங்குகிற ஊருக்குக் கிடையாது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் என்னை நம்பவே இல்லை.

"என் வயல்ல குழாய் போனா எவ்வளவு தருவாங்க?"

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலத்தை வாங்க மாட்டார்கள், பயன்பாட்டு உரிமை மட்டும் எடுப்பார்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், மேலே நெல் போடலாம். வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதோடு பயிர் சேதத்துக்குத் தனி.

உங்கள் வயலில் 100 மீட்டர் நீளத்துக்கு 15 மீட்டர் அகலப் பட்டை போகிறது என்று வைப்போம். 1,500 சதுர மீட்டர், சுமார் 37 சென்ட், நம் கணக்கில் ஒரு மாவுக்குச் சற்று மேல். ஏக்கர் 10 லட்சம் என்றால் அந்தத் துண்டின் மதிப்பு 3.7 லட்சம், அதில் 10 சதவீதம் 37,000 ரூபாய். ஒரே ஒரு தடவை. குழாய் முப்பது நாற்பது வருடம் இருக்கும். குழாய் வழியே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் யாரோ ஒருவர் வருடா வருடம் கட்டணம் வாங்குவார், அந்த ஒருவர் நீங்கள் இல்லை. ஆண்டு வாடகை கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், செல்போன் கோபுரத்துக்கு வாடகை வாங்குகிறோமே.

"வேலை கிடைக்குமா?"

குழாய் பதிக்கும் ஒன்றிரண்டு வருடம் தோண்ட, மூட, காவலுக்கு ஆள் எடுப்பார்கள். வெல்டர்கள் பெரும்பாலும் வெளியூர்க் குழு. பதித்த பிறகு ஒரு குழாய்க்கு நிரந்தர ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"இது பழைய மீத்தேன் திட்டம்தானே, பேரை மாத்திட்டு வர்றாங்களா?"

இல்லை, வேலையே வேறு. மன்னார்குடிப் பகுதியில் நம்மாழ்வார் ஐயா கடைசி மூச்சுவரை எதிர்த்தது நிலக்கரிப் படுகையிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றி மீத்தேனை எடுக்கும் திட்டம். இது இருக்கிற எண்ணெய் வயலுக்குள் வாயுவைத் தள்ளும் முறை. பயம் ஒன்றாக இருக்கலாம், அதற்கான காரணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துளையிடுவதையும் எடுப்பதையும் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களையும், குழாய், துறைமுகம், சாலை போன்ற உட்கட்டமைப்பையும் அது தொடவில்லை. அதனால் "சட்டம் இருக்கு, வராது" என்று நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். பழைய கிணற்றில் வாயு செலுத்தினால் அது நடந்துவரும் வேலையா, புது வேலையா என்பதில்தான் வழக்கே நடக்கும்.

"குழாய் வெடிச்சா தீப்பிடிக்குமா?"

கரியமில வாயு எரியாது. கதிராமங்கலத்தில் 2017-இல் எண்ணெய்க் குழாய் கசிந்து தீயும் கலவரமும் ஆனதே, அந்த மாதிரி நடக்காது. ஆனால் இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். இயற்கை எரிவாயு கசிந்தால் மேலே போய்விடும், இது தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நிறம் கிடையாது. காற்றில் பத்து சதவீதம் சேர்ந்தால் சில நிமிடங்களில் மயக்கம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் 2020 பிப்ரவரியில் இப்படி ஒரு குழாய் உடைந்தது. தொடர் மழையில் மண் சரிந்ததே காரணம். சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். வண்டி எஞ்சினுக்கு ஆக்சிஜன் இல்லாமல் சாலையில் கார்கள் நின்றுவிட்டன. தப்பித்துப் போகக்கூட வண்டி ஓடாது என்பதுதான் இதில் பயங்கரம். நம் ஊரில் மார்கழிப் பனி நிற்கும் விடியற்காலையை நினைத்துப் பாருங்கள், காற்று அசையாது.

"மழைக்காலத்துல நம்ம மண்ணுல குழாய் தாங்குமா?"

தாங்க வைக்கலாம், செலவு ஆகும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் சாயங்காலம் பள்ளத்தில் இறக்கி வைத்த குழாய் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வாழைத்தண்டு மாதிரி மிதக்கிறது. உள்ளே காற்று, வெளியே சேறு, மிதக்காமல் என்ன செய்யும்? மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குத்தான் வயல், ஆறு வரும் இடங்களில் குழாய்க்குக் கான்கிரீட் உறை போடுவார்கள். அன்றைக்கு உறை போடாத துண்டை முதலில் இறக்கிவிட்டார்கள்.

ஆற்றைக் கடக்கும் இடம் இன்னும் சிக்கல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே போய்விட்டன, திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய பாலம் இடிந்தது. அந்த ஆற்றின் அடியில் மண் எவ்வளவு அரிக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இன்னொன்று, வாயுவில் ஈரம் இருந்தால் அமிலமாகிக் குழாயை உள்ளிருந்தே தின்னும். சுக்கு மாதிரி காயவைத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் காயவைக்கும் இயந்திரம் ஒரு நாள் ஒழுங்காக ஓடவில்லை என்றால் வெளியே யாருக்கும் தெரியாது.

"புவி வெப்பத்துக்கு நல்லதுன்னும் சொல்றாங்க, எண்ணெய் எடுக்கன்னும் சொல்றாங்க. எது நிசம்?"

ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 0.43 டன் கரியமில வாயு வரும். அந்தப் பீப்பாயை எடுக்க அடியில் புதைத்தது, முன்னே சொன்னபடி, 0.4 டன் அளவு. அழுத்தவும் பிரிக்கவும் ஆன மின்சாரத்தைச் சேர்த்தால் கழித்துக் கையில் நிற்பது ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெயை இது குறைக்கும் என்பது நியாயமான வாதம், அது அந்நியச் செலாவணிக் கணக்கு. அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

"எண்ணெயே வேணாம், சும்மா புதைச்சா காசு வராதா?"

யாராவது புதைப்பதற்குக் காசு கொடுத்தால் வரும். நார்வே 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலுக்கு அடியில் செலுத்துகிறார்கள், ஒரு சொட்டு எண்ணெய்க்காகவும் அல்ல. அமெரிக்காவில் டன் கணக்கில் வரிச்சலுகை இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் சட்டத் திருத்தம் வந்து கார்பன் சந்தை உருவாகிவருகிறது. அங்கே ஒரு டன்னுக்கு நல்ல விலை படிந்தால் நான் மேலே போட்ட பில் மாறிவிடும். அப்போது எண்ணெய்க்குக் குழாய் என்ற பேச்சே தேவைப்படாமல் போகலாம்.

"அளக்க ஆள் வந்தா என்ன கேக்கணும்?"

முதலில் வாயு எங்கிருந்து வருகிறது, டன் என்ன விலை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் விலை பாதியானால் குழாயை யார் பராமரிப்பார்கள், நிறுத்திவிட்டால் யார் தோண்டி எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய கிணறுகளின் சிமெண்ட் எந்த வருடத்தில் போட்டது, யார் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். வாயு மேலே ஏறி வரப் பழுதான சிமெண்டைவிட நல்ல வழி கிடையாது.

அப்புறம், அடைப்பு வால்வு எந்த சர்வே எண்ணில் வருகிறது, உங்கள் தெருவுக்கும் அதற்கும் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்தவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு "பிறகு அனுப்புகிறோம்" என்றால், அன்றைக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.